கைராலிட்டி புரிய விஆர் ஹெட்செட் உதவுமா?

கைராலிட்டி என்றால், வலக்கையும் இடக்கையும் போல ஒரு மூலக்கூறும் அதன் கண்ணாடிப் பிம்பமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருப்பது. அந்த இரண்டு வடிவங்களுக்கும் ஆர், எஸ் என்று பெயர். ஆப்புக்கோடு (நம் பக்கம் நீட்டும் பிணைப்பு), புள்ளிக்கோடு (பின்னால் போகும் பிணைப்பு) படத்தை வைத்து எது ஆர், எது எஸ் என்று கண்டுபிடிக்க முடியவில்லை, விஆர் (மெய்நிகர் காட்சி) உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உதவும், சும்மா வேடிக்கை பார்க்காமல் இருந்தால்.

கார்வோன் என்ற மணப்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர் வடிவம் ஸ்பியர்மின்ட் புதினாவாக மணக்கும். எஸ் வடிவம் சதகுப்பையில் இருப்பது. விஆரில் இரண்டு மூலக்கூறுகளையும் கைக்கொன்றாகப் பிடித்து ஒன்றின்மேல் ஒன்றைப் பொருத்திப் பாருங்கள். எப்படித் திருப்பினாலும் கைரல் கார்பனில் (நான்கு வெவ்வேறு தொகுதிகள் இணைந்த கார்பன்) இரண்டு தொகுதிகளாவது இடம் மாறியே நிற்கும். அப்புறம், அந்தக் கார்பனின் ஹைட்ரஜன் பின்னால் மறையும் பக்கத்துக்கு நடந்து போங்கள். மற்ற மூன்றும் முன்னுரிமை வரிசைப்படி (அணு எண் பெரிய அணு முதலில்; சமமானால் அதற்கடுத்த அணுக்களை ஒப்பிட வேண்டும்) கடிகாரத் திசையில் சுற்றினால் ஆர், எதிர்த்திசை என்றால் எஸ். மண்டைக்குள் சுழற்ற வேண்டியதை இங்கே கால் பார்த்துக்கொள்கிறது.

தேர்வு என்னவோ தாளில்தான். ஹெட்செட்டைக் கழற்றியதும் பார்த்ததை வரைந்துவிடுங்கள். ஹெட்செட் இல்லையா? ஓர் உருளைக்கிழங்கும் நாலு நிறத்தில் முனை தீட்டிய தீக்குச்சிகளும் போதும்.