ரசீது இல்லாத மினி மக்காவ்: வழக்கு வருமா?

கேள்வி: கீழக்கரையில் குடியிருக்கிறேன். என் தம்பி 2023 கடைசியில் மதுரையில் ஒரு வியாபாரியிடம் சின்ன மக்காவ் கிளி ஒன்று வாங்கினான். ரசீது கிடையாது. காலில் வளையம் இருக்கிறது. தம்பி குவைத் போய்விட்டதால் ஆறு மாதமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். காலையில் அது கத்துவதால், வனத்துறைக்குச் சொல்லிவிடுவதாகப் பக்கத்து வீட்டுக்காரர் மிரட்டுகிறார். பழைய தேதியில் பில் போட்டுத் தருகிறேன் என்கிறார் வியாபாரி. படகில் வந்த பறவையாக இருக்கும் என்றும் சிலர் சொல்கிறார்கள். என் மேல் வழக்கு வருமா?

பதில்: சகோதரி, மக்காவ் வளர்க்கச் சட்டத்தில் தடை இல்லை. பதிவு செய்யாமல் வைத்திருப்பதுதான் தவறு. நம் ஊர்ப் பச்சைக்கிளியின் கதை வேறு. அதைப் பதிவு செய்தும் வளர்க்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டையும் ஒன்றாக நினைத்திருக்கலாம்.

மக்காவ் தென் அமெரிக்கப் பறவை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டீஸின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை அது நான்காம் அட்டவணையில் சேர்த்தது. அவற்றை உயிரோடு வைத்திருப்பவர் தகவல் கொடுத்துப் பதிவுச் சான்று வாங்க வேண்டும் என்கிறது 49எம் பிரிவு. இதற்கான விதிகள் 2024 பிப்ரவரி 28-ல் வந்தன. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாதம் அவகாசம். அது 2024 ஆகஸ்ட் 28-ல் முடிந்தது. அதன் பிறகு பறவை கைக்கு வந்தால் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தம்பி முதல் கெடுவைத் தவறவிட்டார், நீங்கள் இரண்டாவதை. கைமாற்றியதையும் தெரிவித்திருக்க வேண்டும். அக்காவிடம் விட்டுப் போனாலும் கைமாற்றம்தான்.

இனி முதல் வேலை, அது எந்த மக்காவ் என்று உறுதி செய்வது. தண்டனையின் அளவு அதைப் பொறுத்தது. சுமார் 30 செ.மீ. நீளம், பச்சை உடல், நெற்றியில் நீலம், இறக்கை மடிப்பில் சிவப்பு இருந்தால் ஹான்ஸ் மக்காவ். பிடரியில் மஞ்சள் பட்டை இருந்தால் மஞ்சள் கழுத்து மக்காவ். இரண்டும் சைட்டீஸின் இரண்டாம் பின்னிணைப்பில் வருபவை. அலகுக்கு மேலே நெற்றியில் சிவப்பும் அடிவயிற்றில் சிவப்புத் திட்டும் இருந்தால் இல்லிகர் மக்காவாக இருக்கலாம். அது முதல் பின்னிணைப்பு, அதாவது கட்டுப்பாடு அதிகமான பட்டியல். இரண்டாம் பின்னிணைப்பு இனம் என்றால் தண்டனை அதிகபட்சம் மூன்றாண்டு சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். குறைந்தபட்ச சிறை கிடையாது என்பதால், அதிகாரம் பெற்ற வனத்துறை அதிகாரி இணக்கத் தொகை பெற்றுக்கொண்டு வழக்கை முடிக்கவும் வழி இருக்கிறது. முதல் பின்னிணைப்பு இனத்துக்குக் குறைந்தது மூன்றாண்டு, ஏழாண்டு வரை போகலாம். இணக்கமாக முடிக்க முடியாது. பறவை மருத்துவரிடம் காட்டி, இனத்தின் பெயரை எழுதி வாங்குங்கள்.

அடுத்து வளையம். இணைப்பே இல்லாத முழு வளையம் என்றால் குஞ்சாக இருந்தபோதே போட்டது. வளர்ந்த காலில் ஏறாது. கூண்டில் பிறந்த பறவை என்பதற்கு அது நல்ல சாட்சி. பிளவு உள்ள வளையத்தை எந்த வயதிலும் மாட்டலாம், அதனால் மதிப்புக் குறைவு. எதுவானாலும் வெட்டாதீர்கள். எண்ணும் எழுத்தும் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.

பழைய தேதி பில் வேண்டவே வேண்டாம். இப்போது உங்கள் மேல் உள்ளது பதிவு செய்யாத குறை மட்டும்தான். அந்தத் தாளை வாங்கிக் கொடுத்தால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 336, 340 பிரிவுகளில் போலி ஆவண வழக்கும் சேரும். தம்பி பணம் அனுப்பிய வங்கிப் பதிவு, வியாபாரியோடு பேசிய வாட்ஸ்அப் செய்தி, அன்று எடுத்த படம் ஆகியவை போதாவிட்டாலும் உண்மையானவை.

விண்ணப்பத்தை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் போட வேண்டும்; கட்டணம் 1,000 ரூபாய், திரும்பக் கிடைக்காது. முடிவு செய்பவர் தலைமை வன உயிரினக் காப்பாளர். சட்டம் 'வைத்திருப்பவர்' என்று சொல்வதால் உங்கள் பெயரிலேயே போடலாம் என்பது என் கருத்து. எப்போது வாங்கியது, என்ன விலை, எப்போது உங்களிடம் விட்டது என்று தம்பி ஒரு உறுதிமொழி எழுதி, குவைத் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பட்டும். தாமதத்துக்கான காரணத்தைத் தனித்தாளில் எழுதி இணைத்து, ஒரு நகலை ராமநாதபுரம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை முத்திரை வாங்குங்கள். தாமதமாகப் போட்டால் குற்றம் அழிந்துவிடும் என்று உறுதி தர முடியாது, நிராகரிக்கவும் கூடும். ஆனாலும் புகார் போவதற்கு முன்பே நீங்களே போய்ச் சொன்னவர் என்ற பதிவு வழக்கில் பெரிய பலம்.

படகு விஷயம்: வெளிநாட்டிலிருந்து உயிருள்ள பறவை வர இறக்குமதி உரிமம், சைட்டீஸ் அனுமதி, தனிமைப்படுத்தல் எல்லாம் தேவை. படகில் இறக்கினால் சுங்கச் சட்டப்படி கடத்தல். கடல் அட்டை கடத்தல் வழக்குகளையே தினமும் பார்க்கும் இந்தக் கரையில் அதிகாரிகளுக்கு அந்தச் சந்தேகம் எழுவது இயல்பு. வதந்தியை விண்ணப்பத்தில் எழுத வேண்டாம். அப்படி வந்ததாகத் தம்பிக்கு நிஜமாகவே தெரியும் என்றால், கையெழுத்துப் போடும் முன் வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.

அதிகாரிகள் வந்தால் தடுக்காதீர்கள். சோதனையிட வனத்துறையினருக்கும், உதவி ஆய்வாளர் தரத்துக்குக் குறையாத போலீஸ் அதிகாரிக்கும் அதிகாரம் உண்டு. கைப்பற்றினால் வளைய எண், உடல்நிலை, தீனி விவரம் மகஜரில் (கைப்பற்றல் பதிவில்) ஏறுகிறதா என்று பார்த்து நகல் கேளுங்கள். குற்றம் உறுதியானால் பறவை அரசுச் சொத்தாகிவிடும். பயந்துபோய்க் கடற்கரையில் பறக்கவிடாதீர்கள். கூண்டில் வளர்ந்தது தானாக இரை தேடாது. பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் தனிக் குற்றம்.

அதே சட்டம் அசைய இடமில்லாத கூண்டையும், குட்டையான கால் சங்கிலியையும் குற்றம் என்கிறது. சங்கிலி இருந்தால் இன்றே கழற்றுங்கள். ஹான்ஸ் அளவுப் பறவைக்கு மூன்றடி அகலம், இரண்டடி ஆழம், மூன்றடி உயரமாவது வேண்டும். கம்பி இடைவெளி முக்கால் அங்குலத்துக்கு மேல் கூடாது. உப்புக் காற்றில் துத்தநாகம் பூசிய கம்பியில் வெள்ளைத்தூள் பூக்கும், பறவை அதை நக்கினால் விஷம். எவர்சில்வர் கூண்டு வாங்குங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவர் தொல்லை என்று உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம். மக்காவ் விடியலிலும் அந்தியிலும் கத்தும். அது அதன் இயல்பு, அடித்து அடக்க முடியாது. கூண்டைப் பொதுச் சுவரிலிருந்து தள்ளி உள்ளறைக்கு மாற்றி, இரவு பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டாக மூடி வைத்து, ஊர் விழித்த பிறகு திறவுங்கள். விண்ணப்ப நகலை அவரிடம் காட்டிப் பேசுங்கள்.

சான்று கிடைத்த பிறகும் விற்றாலோ, கொடுத்தாலோ, குஞ்சு பொரித்தாலோ, பறவை இறந்தாலோ தகவல் கொடுக்க வேண்டும். இறந்தால் புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் சான்று வாங்கிவிடுங்கள்.