லோ பீமில் போனாலும் எதிரே வருபவர் லைட் அடித்துக் காட்டுகிறாரே, ஏன்?

பல்பை மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். விளக்கு சற்று மேல்நோக்கித் திரும்பியிருந்தாலும் அவர் கண் கூசும்; அதைச் சோதிக்க, முதலில் ஒரு சுவரைத் தேடுங்கள்.

பெரும்பாலான கார்களில் லோ பீம் சுவரில் வட்டமாக விழாது. மேலே இருட்டு, கீழே வெளிச்சம், நடுவில் கத்தியால் வெட்டினாற்போல் ஒரு கோடு. எதிர்வண்டி வரும் பக்கம் அது தாழ்ந்திருக்கும். சாலையோரப் பக்கம் சாய்ந்து மேலேறும்; ஓரமாக நடப்பவர் கண்ணில் பட வேண்டுமல்லவா?

சமதரையில், டயரில் சரியான காற்றோடு, ஓட்டுநர் இருக்கையில் ஆள் உட்கார்ந்திருக்க, காரைச் சுவரை ஒட்டி நிறுத்துங்கள். வெளிச்சத்தின் உயரம் மாற்றும் குமிழ் டேஷ்போர்டில் இருந்தால் 0-வில் வையுங்கள். விளக்கின் மையத்தைச் சுவரில் குறியிட்டு, நேராக 10 மீட்டர் பின்னால் வாருங்கள். கோடு குறிக்குச் சுமார் 10 செ.மீ. கீழே விழ வேண்டும். இது 1% சரிவு, 65 செ.மீ. உயர விளக்கானால் வெளிச்சம் 65 மீட்டரில் தரையைத் தொடும். உங்கள் விளக்குக் கூட்டின் மேல் வேறு சதவீதம் அச்சிட்டிருந்தால் அதுவே கணக்கு.

கோடு மேலே இருந்தால் விளக்கின் பின்னுள்ள திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். பக்கவாட்டுக்குத் தனித் திருகு இருந்தால் தொடாதீர்கள், ஒருமுறை கலைந்தால் பெரும் தொல்லை.

அப்புறம், கோடே தெரியாமல் வெளிச்சம் சிதறுகிறதா? ஹாலஜன் பல்புக்கென்று செய்த கூட்டில் எல்இடி பல்பு மாட்டியிருப்பீர்கள். ஹாலஜன் பல்பின் ஒளிரும் இழை இருக்க வேண்டிய இடத்தில் ஒளி பிறக்காவிட்டால் எந்தத் திருகாலும் சரியாகாது. பழையபடி ஹாலஜன் பல்பையே மாட்டிவிடுங்கள்.