பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் பில் வரும்

தம்பி, மார்ச் 1 முதல் இங்கிலாந்தில் ரெடிங் ஊரில் வாடகைக்கு வீடு பேசியாகிவிட்டது, குடும்பத்தோடு வந்து இறங்குவது ஏப்ரலில்தான், ஆளே இல்லாத மாதத்துக்கு கரண்ட், கேஸ், கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி) எல்லாம் எதற்குக் கட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். 2008 பிப்ரவரியில் இதே கேள்வியை நான் யாரிடமும் கேட்காமல் விட்டேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கட்டத்தான் வேண்டும். ஒப்பந்தம் தொடங்கும் தேதிதான் கணக்கு, நீங்கள் பெட்டியை இறக்கும் தேதி இல்லை. இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் தொடக்கத் தேதியை மார்ச் கடைசிக்குத் தள்ளித் தரச் சொல்லி ஏஜென்டிடம் கேட்டுப் பாருங்கள். வாடகையும் மிச்சம். கேட்பதற்கு நம் ஆட்கள் வெட்கப்படுவார்கள். வெள்ளைக்காரன் கூசாமல் கேட்பான்.

கரண்டுக்கும் கேஸுக்கும் ஸ்டாண்டிங் சார்ஜ் என்று தினக் கட்டணம் உண்டு. ஒரு பல்பு எரியாவிட்டாலும் ஏறிக்கொண்டே இருக்கும். அந்த வீட்டுக்கு ஏற்கெனவே சப்ளை செய்யும் கம்பெனிக்கு முதல் நாளிலிருந்தே நீங்கள்தான் கணக்கு. வேறு கம்பெனிக்கு அப்புறம் மாறிக்கொள்ளலாம். முக்கியமானது மீட்டர் ரீடிங். நம் ஊர் மாதிரி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இபி ஆள் வந்து அட்டையில் எழுதிவிட்டுப் போவார் என்று இருந்துவிடாதீர்கள். முதல் நாளே மீட்டரைப் படம் எடுத்து அனுப்பும்படி ஏஜென்டிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். இல்லாவிட்டால் கம்பெனி குத்துமதிப்பாக ஓர் எண்ணைப் போட்டுக்கொள்ளும், பழைய ஆள் குளிர் காய்ந்த காசும் உங்கள் பில்லில் வந்து சேரலாம்.

கவுன்சில் டாக்ஸில் இன்னொரு கூத்து. கணக்கு ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜனவரி வரை பத்துத் தவணையாக வாங்குவார்கள். இதை வைத்து "பிப்ரவரி, மார்ச்சில் டாக்ஸ் கிடையாது" என்று ஒரு கதை நம்மவர்களிடம் சுற்றுகிறது. அது பழைய குடித்தனக்காரர் முன்கூட்டியே கட்டி முடித்த சலுகை. புதிதாக வரும் உங்களுக்கு மார்ச்சுக்கு ஒரு பில், புது ஆண்டுக்கு ஒரு பில் என்று இரண்டும் அடுத்தடுத்து வரும். காலி வீட்டுக்குச் சில கவுன்சில்கள் கொஞ்ச நாள் தள்ளுபடி தரும், பல தராது. கவுன்சில் தளத்தில் பாருங்கள். தனியாக இருப்பவருக்கு 25 சதவீதம் குறைப்பு உண்டு. வீட்டில் ஐந்து பேரை வைத்துக்கொண்டு அதை வாங்கும் மகாராசன்கள் சொல்லும் யோசனையைக் காதில் வாங்காதீர்கள்.

எங்களுக்கும் அப்படி ஒருவர் கேட்காமலே யோசனை சொன்னார். லண்டன் பக்கம் இல்ஃபோர்டில் ஃபிளாட் எடுத்துவிட்டு, கட்டில் வாங்கக் காசில்லாமல் மூன்று வாரம் ஈஸ்ட் ஹாமில் தெரிந்தவர் வீட்டுத் தரையில் படுத்திருந்தோம். குடியேறாத வீட்டுக்கு ஏது பில் என்ற நினைப்பு. போன அன்று இருட்டு, ஹீட்டர் இல்லை. சாவி போட்டுக் காசு ஏற்றும் ப்ரீபெய்டு மீட்டர் அது. மூலைக்கடையில் பத்து பவுண்ட் ஏற்றி வந்து செருகினோம். முந்தைய ஆள் வைத்துவிட்டுப் போன கடனும் மூன்று வார தினக் கட்டணமும் அதை விழுங்கிவிட்டன. உங்களுக்கும் அந்த மாதிரி மீட்டர் என்றால், பணம் ஏற்றும் முன்பே கம்பெனிக்கு போன் செய்து பழைய கடனை நீக்கச் சொல்லுங்கள். அன்று எனக்கு அது தெரியாது. கணவர் மறுபடி கடைக்கு ஓடினார். கடைக்காரர் யாழ்ப்பாணத்து அண்ணன். விஷயம் கேட்டுச் சிரித்துவிட்டு, "இஞ்ச எல்லாரும் முதல் நாள் இருட்டிலதான்" என்று இரண்டு மெழுகுவர்த்தியைக் கையில் திணித்து அனுப்பினாராம். அந்த வெளிச்சத்தில்தான் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து ரொட்டியும் ஊறுகாயும் சாப்பிட்டோம். இப்போது என் மீட்டர் படங்களுக்கென்றே போனில் தனி ஆல்பம் இருக்கிறது. வீட்டில் கேலி செய்வார்கள்.

இண்டர்நெட், பள்ளிக்கூடம், கார் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதெல்லாம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஏஜென்டுக்கு எழுதுங்கள்.