ஒரே புரதம், இரண்டு நோய்

கேள்வி: கிளாகோமா என்ற கண் அழுத்த நோய்க்கான அறுவை சிகிச்சைக்குப் பின் தழும்பு உண்டாவதிலும், மார்ஃபான் என்ற பரம்பரை இணைப்புத் திசு நோயில் பெருந்தமனிச் சுவர் தளர்வதிலும் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதத்துக்குப் பங்குண்டு என்று படித்தேன். அதை முடக்கிவிட்டால் இரண்டும் தீருமே, மருத்துவர்கள் ஏன் தயங்குகிறார்கள்?

பதில்: தயங்கவே இல்லை. இரண்டு இடத்திலும் முயன்று பார்த்துவிட்டார்கள்.

முதலில் கண். டிராபெக்குலெக்டமி என்ற கிளாகோமா அறுவையில், கண்ணின் அழுத்தத்தைக் குறைக்க, வெண்விழியில் மெல்லிய மடல் ஒன்றை வெட்டி, அதனடியில் துளையிட்டு, கண்ணுக்குள் நிமிடத்துக்குச் சுமார் 2 மைக்ரோலிட்டர் சுரக்கும் நீரை மேற்படலத்துக்கு அடியில் வழியவிடுகிறார்கள். மற்ற அறுவைகளில் புண் ஆறினால் வெற்றி. இங்கே நன்றாக ஆறிவிட்டால் வழி அடைத்துக்கொண்டு அழுத்தம் மறுபடி ஏறும். டிஜிஎஃப்-பீட்டா2 புரதத்தை முடக்கும் லெர்டெலிமுமாப் என்ற எதிர்ப்பொருளை ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். பெரிய சோதனையின் முடிவு 2007-இல் வந்தது: வெற்று மருந்தைவிட மேலாக இல்லை. தழும்பைத் தூண்டும் புரதங்கள் பல என்பதால் ஒன்றை மட்டும் தடுத்து நிறுத்துவது கடினம்.

அதனால் இன்றும் மைட்டோமைசின்-சி தான் கை கொடுக்கிறது. மில்லிலிட்டருக்கு 0.2 முதல் 0.4 மில்லிகிராம் வரையிலான கரைசலில் நனைத்த பஞ்சை இரண்டு மூன்று நிமிடம் வைத்து, எடுத்தபின் நன்றாகக் கழுவிவிடுவார்கள். தழும்புத் திசுவை உருவாக்கும் செல்களைப் பெருகவிடாத மருந்து இது. அளவு மிஞ்சினால் நீர் தேங்கும் கொப்புளம் இரத்த ஓட்டமின்றி மெலிந்து கசியும். அழுத்தம் அளவுக்குமேல் இறங்கும். பல ஆண்டு கழித்தும் கிருமி உள்ளே புகலாம். இந்த அறுவை செய்துகொண்டவருக்குக் கண் சிவந்து, வலியோ பீளையோ பார்வை மங்கலோ இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

பெருந்தமனியின் கதை இன்னும் சிக்கல். மார்ஃபான் நோயில் மீள்நார்களைத் தாங்கும் ஃபைப்ரிலின்-1 என்ற புரதத்தின் குறைபாட்டால் சுவரின் மீள்நார் அடுக்குகள் சிதைகின்றன. ஆனால் சுவர் சரியாக வளர்வதற்கும் அதே டிஜிஎஃப்-பீட்டா தேவை. இளம் எலிகளில் அதை முன்கூட்டியே தடுத்தபோது நோய் முற்றியது. டிஜிஎஃப்-பீட்டாவின் வேலையைக் குறைக்கும் என்று கருதப்பட்ட லோசார்ட்டான் என்ற இரத்த அழுத்த மருந்து எலிகளில் 2006-இல் பெரும் நம்பிக்கை தந்தது. 608 இளம் நோயாளிகளிடம் அதை அட்டெனோலால் என்ற வழக்கமான மருந்துடன் ஒப்பிட்ட சோதனையில், 2014-இல் வந்த முடிவின்படி, வேறுபாடு இல்லை. பல சோதனைகளைத் தொகுத்த 2022 ஆய்வில், லோசார்ட்டான் வகை மருந்துகள், அவற்றை எடுக்காதவர்களோடு ஒப்பிட்டால், தமனி வேர் (பெருந்தமனி இதயத்திலிருந்து புறப்படும் இடம்) விரியும் வேகத்தை ஏறக்குறையப் பாதியாக்கின. வேகம் குறைகிறது என்பதே பெரிய செய்திதான். ஆனால் சிதைந்த நார் திரும்பி வருவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உயிரோடிருப்பவரின் தமனிச் சுவர் எவ்வளவு இழுவை தாங்கும் என்று நேரடியாக அளக்க முடியாது. அதற்கு வெட்டியெடுத்த துண்டை இழுத்துப் பார்க்க வேண்டும். எனவே எக்கோவில் விட்டத்தை அளக்கிறோம். விட்டமும் இரத்த அழுத்தமும் கூடக்கூட, சுவர் மெலிய மெலிய, அதன்மேல் இழுவிசை ஏறும். மார்ஃபானில் வேரின் விட்டம் 50 மில்லிமீட்டரை எட்டினால் அறுவை. குடும்பத்தில் யாருக்காவது தமனி கிழிந்திருந்தால் 45-லேயே யோசிப்பார்கள். அதற்குக் குறைந்த விட்டத்திலும் கிழிந்தவர்கள் உண்டு என்பதால்தான், மாத்திரை சாப்பிடுகிறோமே என்று எக்கோ தேதியைத் தள்ளிப்போடக் கூடாது.