நாயின் சிகிச்சைக்காக அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கலாமா?

கேள்வி: நான் தலவாக்கலைக்கு அருகே உள்ள தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. கழிவுகள் போக 62,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுச் செலவு போக மாதம் சுமார் 10,000 ரூபாய் மிஞ்சும். சேமிப்பில் 48,000 ரூபாய் இருக்கிறது. எங்கள் செல்லிக்கு எட்டு வயது. கருத்தடை செய்யவில்லை. கடந்த வருடம் இரண்டு தடவை உண்ணிக் காய்ச்சல் வந்து, முரசு வெளுத்து, சிறுநீர் கறுத்து, ஊசி போட்டுத் தப்பினாள். இப்போது பால்மடியில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இருக்கிறது. பேராதனைக்குக் கொண்டுபோய் அறுவைச் சிகிச்சை செய்யச் சொல்கிறார்கள். எக்ஸ்-ரேயும் கட்டியின் பரிசோதனையும் சேர்த்து 70,000 ரூபாய் வரை ஆகும் என்றும், வான் கூலி போய்வர 18,000 ரூபாய் என்றும் கேள்விப்பட்டேன். அம்மாவின் இரண்டு பவுண் சங்கிலியை அடகு வைப்பதா, அப்பாவின் 400,000 ரூபாய் நிலையான வைப்பை உடைப்பதா (முதிர்வுக்கு எட்டு மாதம் இருக்கிறது), வீட்டுக்கு வந்து 200,000 ரூபாய் தருவதாகச் சொல்லும் நுண்கடன்காரரிடம் வாங்குவதா என்று தெரியவில்லை. பக்கத்து லயத்து நாய்க்கு இருந்த புற்றுநோய் நான்கே ஊசியில் குணமானது. வெளிநாட்டில் நாய்ப் புற்றுநோய்க்கு மாத்திரை வந்துவிட்டதாகவும் சொல்கிறார்கள். ஒரு நாய்க்கு இவ்வளவு செலவா என்று உறவினர்கள் ஏசுகிறார்கள். நான் என்ன செய்ய?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உறவினர்களின் ஏச்சுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எட்டு வருடங்கள் உங்கள் வாசலில் படுத்து வீட்டைக் காத்த ஓர் உயிருக்காக உங்கள் உழைப்பில் மிஞ்சிய பணத்தைச் செலவழிப்பதில் எந்தத் தவறும் இல்லை. எனக்கு இருக்கும் கவலை, அந்தப் பணம் எந்த வரிசையில் செலவாகப் போகிறது என்பதுதான். செல்லிக்கு இரண்டு பிரச்சினைகள் இருக்கின்றன. முதலாவதைச் சரிபார்க்காமல் இரண்டாவதுக்குப் பணம் கட்டினால், பணத்தோடு செல்லியையும் இழக்க நேரிடலாம்.

நீங்கள் சொல்லும் வெளுத்த முரசும் கறுத்த சிறுநீரும் பபேசியா என்ற ஒட்டுண்ணியின் அடையாளங்கள். அது உண்ணி கடிக்கும்போது உடலுக்குள் சென்று செங்குழியங்களை உடைக்கிறது. நம் நாட்டு நாய்களில் பரவலாகக் காணப்படும் பபேசியா கிப்சோனி என்ற இனத்தை, 1910 ஆம் ஆண்டில் பட்டன் என்ற ஆய்வாளர் மதராஸில் வேட்டை நாய்களின் குருதியில் முதன்முதலில் கண்டு விவரித்தார். அதன் பிறகு நூறு வருடங்களுக்கு மேல் ஆராய்ந்தும், வழக்கமாகப் போடப்படும் டிமினாசீன் ஊசி காய்ச்சலை இறக்குமே ஒழிய ஒட்டுண்ணியை உடலிலிருந்து முழுமையாகத் துடைப்பதில்லை என்பதே அனுபவம். ஆகவே செல்லிக்கு இரண்டாம் முறை வந்தது புதிய காய்ச்சலாக இல்லாமல், உள்ளே ஒளிந்திருந்த பழையதே மீண்டும் தலைகாட்டியதாக இருக்கலாம். 2004 இல் வெளியான ஓர் ஆய்வு, அட்டோவக்குவோன், அசித்ரோமைசின் ஆகிய இரண்டு மருந்துகளையும் பத்து நாட்கள் சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலான நாய்களில் ஒட்டுண்ணி கண்டறிய முடியாத அளவுக்குப் போய்விடுவதாகக் காட்டியது. ஆனால் அட்டோவக்குவோன் விலை கூடிய மருந்து. அது தேவையா என்பதைக் குருதிப் பரிசோதனையைப் பார்த்து வைத்தியர் சொல்லட்டும்.

இதே உண்ணி மூலம் எர்லிக்கியா என்ற நுண்கிருமியும் வரும். அது வெளியே தெரியாமல் மாதக்கணக்கில் இருந்து, குருதியை உறைய வைக்கும் சிறுதட்டுகளைக் குறைத்துவிடும். டொக்சிசைக்கிளின் மாத்திரையை வழக்கமாக 28 நாட்கள் கொடுக்க வேண்டிய நோய் அது. குருதிச்சோகையும் சிறுதட்டுக் குறைவும் உள்ள நாயை அறுவை மேசையில் ஏற்றினால் குருதிப்பெருக்கை நிறுத்துவது கடினம். ஆகவே உங்களுடைய முதல் செலவு முழுமையான குருதிக் கணக்கும், கண்ணாடித் தகட்டில் துளி குருதியைப் பூசி ஒட்டுண்ணியைத் தேடும் குருதிப் பூச்சும்தான். அதை ஊருக்கு அருகிலேயே எடுக்க முடியுமா என்று உங்கள் பகுதி அரச மிருக வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். முடிந்தால் அதற்காக ஒரு தடவை பேராதனைக்குப் போகும் வான் கூலி மிச்சம். உங்களைப் போன்ற பலரின் கணக்குகளைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மலைநாட்டில் மிருக வைத்தியச் செலவைக் கூட்டுவது பல வேளைகளில் மருந்து அல்ல, பாதைதான். ஹட்டன், நாவலப்பிட்டி, கம்பளை என்று இறங்கிப் போகும் ஒவ்வொரு பயணத்துக்கும் 18,000 ரூபாய் என்றால், மூன்று பயணங்களில் உங்கள் சேமிப்பு முழுவதும் கரைந்துவிடும்.

பக்கத்து லயத்து நாயின் கதையை வைத்துச் செல்லிக்குக் கணக்குப் போடாதீர்கள். சில ஊசிகளில் குணமாகும் புற்றுநோய் பெரும்பாலும், இனச்சேர்க்கையின்போது ஒரு நாயிடமிருந்து மற்றொரு நாய்க்குப் புற்றுக் கலங்களே நேரடியாகத் தொற்றும் வகையாகும். உலகம் முழுவதும் பரவியுள்ள அந்தக் கட்டிகள் யாவும் ஒரே ஆதி நாயின் கலங்களிலிருந்து வந்தவை என்பதை மரபணு ஆய்வு 2006 இல் நிரூபித்தது. வின்கிறிஸ்ரீன் ஊசியை வாரம் ஒரு தடவை நான்கு முதல் ஆறு வாரங்கள் போட்டால் பெரும்பாலான நாய்கள் அதிலிருந்து மீண்டுவிடுகின்றன. பால்மடிக் கட்டி வேறு நோய். அதற்கு முதல் சிகிச்சை அறுவையே. நீங்கள் கேள்விப்பட்ட மாத்திரை டொசெரனிப் ஆக இருக்க வேண்டும். 2009 இல் அமெரிக்காவில், நாய்ப் புற்றுநோய்க்கென்றே முதன்முதலில் அனுமதி பெற்ற மருந்து அது. ஆனால் அந்த அனுமதி தோலில் வரும் மாஸ்ட் கலக் கட்டிகளுக்கானது. அதை இறக்குமதி செய்து தருவதாக யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

நாய்களின் பால்மடிக் கட்டிகளில் ஏறத்தாழ பாதி தீங்கற்றவை. எது எந்த வகை என்பதை, வெட்டியெடுத்த கட்டியின் இழையப் பரிசோதனைதான் உறுதியாகச் சொல்லும்; கையால் தொட்டுப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. தீங்கானதாக இருந்தாலும், மூன்று சென்ரிமீற்றருக்குக் குறைவாக இருக்கும்போதே அகற்றப்பட்டால் எதிர்பார்ப்பு நல்லது. நெல்லிக்காய் அளவு என்கிறீர்கள், ஆகவே தள்ளிப்போட நேரமில்லை. அறுவைக்கு முன் நெஞ்சு எக்ஸ்-ரே எடுக்கப்படும். நுரையீரலில் ஏற்கெனவே பரவியிருப்பது தெரிந்தால், பெரிய அறுவைக்குப் பணம் கட்டுவதை அங்கேயே நிறுத்திவிட்டு, வலி தெரியாமல் வைத்திருப்பதற்கு மட்டும் செலவழிப்பது பற்றி வைத்தியருடன் பேசுங்கள். பரவவில்லை என்றால் அன்றே அறுவைக்கு ஏற்பாடு செய்ய முடியுமா என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு, ஒரே பயணத்தில் முடிக்கப் பாருங்கள். தையல் பிரிப்பதை ஊரிலேயே செய்யலாம். அறுவைக்குப் பிந்திய புற்றுநோய் மருந்து ஏற்றல் இந்த வகைக் கட்டியில் எவ்வளவு பயன் தரும் என்பது ஆய்வுகளில் இன்னும் தெளிவாக நிறுவப்படவில்லை. அதனால் அதற்கு நான் இந்தக் கணக்கில் ஒரு சதமும் ஒதுக்கவில்லை.

இனி பணம். குருதிப் பரிசோதனைக்கு 6,000 ரூபாய் போனால் சேமிப்பில் 42,000 ரூபாய் இருக்கும். பேராதனைச் செலவு வானோடு சேர்த்து 88,000. குறைவது 46,000 ரூபாய். காய்ச்சலுக்குத் தனி மருந்து தேவைப்பட்டால் அது இந்தத் தொகைக்கு மேலே வரும் என்பதையும் மனதில் வையுங்கள். அப்பா சம்மதித்தால் வைப்பை உடைக்காமல், அதன்மீது 50,000 ரூபாய் மட்டும் கடன் பெறுங்கள். முதிர்வுக்கு முன் உடைத்தால் ஒப்புக்கொண்ட வட்டி குறைக்கப்படும். வைப்பின் மீதான கடனுக்கோ, வைப்பு வட்டியைவிடச் சில வீதமே கூடுதலாக அறவிடுவார்கள். ஆண்டுக்கு நூற்றுக்கு 12 என்று வைத்து, மாதம் 8,000 ரூபாய் முதலையும் சேர்ந்த வட்டியையும் கட்டிவந்தால், ஏழாவது மாதம் மீதி 2,000 ரூபாயோடு கடன் முடியும். மொத்த வட்டி 1,820 ரூபாய். அப்போது வைப்பு முதிர்வதற்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும். ஓய்வூதியமில்லாத தகப்பனின் வாழ்நாள் உழைப்பு அது என்றால், அவரிடம் கேட்காமல் வங்கிக்குப் போகாதீர்கள்.

அடகுக் கடையில் நூற்றுக்கு 18 வட்டிக்கு அதே 50,000 ரூபாயை எடுத்து, வட்டியை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் ஒரு வருடத்தில் 9,000 ரூபாய் போய்விடும், முதல் அப்படியே நிற்கும். பவுண் விலை ஏறிய காலத்தில் இரண்டு பவுணுக்குத் தேவைக்கு மேல் பணம் நீட்டுவார்கள். அதைக் கையில் வாங்கிய பிறகு மிச்சம் வைப்பவர்களை நான் அதிகம் கண்டதில்லை. சங்கிலி அம்மாவின் கழுத்திலேயே இருக்கட்டும். நுண்கடன் வேண்டவே வேண்டாம். 46,000 ரூபாய் குறைந்தவருக்கு 200,000 ரூபாய் தருவது உதவி ஆகாது. வாராந்தத் தவணைக்காக ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்த தோட்டத்துப் பெண்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும்.

செலவின் எல்லையை இப்போதே, சேமிப்பும் கடனும் சேர்ந்த 98,000 ரூபாய் என்று கொப்பியில் எழுதி, அதை முதல் நாளே வைத்தியரிடமும் சொல்லுங்கள். எல்லை தெரிந்தால் எந்தப் பரிசோதனை அவசியம், எதை விடலாம் என்று அவரால் நேர்மையாக வழிகாட்ட முடியும். இதைச் சொல்ல வெட்கப்பட்டுப் பிறகு கடனில் விழுந்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் வருந்துகிறது.

மாதம் மிஞ்சும் 10,000 ரூபாயில் தவணை போக எஞ்சுவதை உண்ணித் தடுப்புக்கு வையுங்கள். ஃப்ளூரலனர் மாத்திரை ஒன்று ஏறத்தாழ பன்னிரண்டு வாரங்களுக்குக் காக்கும் என்பதால், விலையை மூன்று மாதத்துக்குப் பிரித்துப் பாருங்கள். பணமே தேவைப்படாத வழியும் உண்டு: உண்ணி கடித்தவுடன் பபேசியா பரவிவிடுவதில்லை, ஓரிரண்டு நாட்களாவது அது ஒட்டியிருக்க வேண்டும் என்பதால், தினமும் மாலையில் காது, விரலிடுக்கு, கழுத்து மடிப்பு ஆகியவற்றைத் தேடிப் பிடுங்குங்கள். பழுப்பு நாய் உண்ணி சுவர் வெடிப்புகளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். லயத்தின் ஒரு வீட்டில் மட்டும் மருந்து போட்டால் அது அடுத்த வீட்டில் பெருகும் என்பதால் அயலவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொழுந்து மலைக்கு அடிக்கும் பூச்சிமருந்தையோ மண்ணெண்ணெயையோ நாயின் மேல் பூச வேண்டாம்.

இன்னொன்று உங்கள் வீட்டாருக்காக. மனிதருக்கு உண்ணி மூலம் வரும் புள்ளிக் காய்ச்சல் நம் மத்திய மலைநாட்டில் அறியப்பட்ட நோய். வீட்டில் யாருக்காவது நாட்கணக்கில் காய்ச்சலும் உடல் வலியும் தோலில் தடிப்பும் வந்தால், வீட்டு நாயில் உண்ணி இருந்ததை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அடுத்த வாரம் மிருக வைத்திய அலுவலகத்துக்குப் போகும்போது, கடந்த வருடம் போட்ட ஊசிகளின் துண்டுகள் இருந்தால் அவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த மருந்து ஏற்கெனவே கொடுக்கப்பட்டது என்பது தெரிந்தால், அதே மருந்துக்கு இரண்டாம் முறை பணம் கட்ட வேண்டியிராது.