சட்டத்தையே மாத்துறப்போ யாரைக் கேட்டாங்க?

கேள்வி: காட்டுல சுரங்கம் வரணும்னா அங்க இருக்கிற பழங்குடி மக்கள்கிட்ட சம்மதம் வாங்கணும்னு சொல்றாங்க. காட்டுச் சட்டத்தையே திருத்தும்போது மட்டும் கேட்க வேண்டாமா? – வாசகி, கூடலூர்

பதில்: கேட்கணுங்க, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. 2007ல வந்த பழங்குடி மக்கள் உரிமைக்கான ஐ.நா. பிரகடனத்துல சட்டம் போடுறதுக்கு முன்னாடியே அந்த மக்களோட சம்மதத்தை வாங்க அவங்களோட கலந்து பேசணும்னு இருக்கு, அதுக்கு ஆதரவா இந்தியாவும் ஓட்டுப் போட்டுச்சு. நம்ம அரசியல் சாசனம் 338ஏ பிரிவுலயும் பழங்குடிகளைப் பாதிக்கிற பெரிய கொள்கை எதுன்னாலும் தேசியப் பழங்குடியினர் ஆணையத்தைக் கலந்துக்கணும்னு இருக்கு. ஆனா கிராம சபைக்கு மசோதாவை அனுப்பி கருத்து கேட்கிற வழி எங்கயும் இல்ல, குறையே அங்கதான்.

ஒடிசா நியம்கிரி மலையைப் பாருங்க. 2013ல சுப்ரீம் கோர்ட் கிராம சபைங்க முடிவு பண்ணட்டும்னு சொன்னதும் 12 கிராம சபை கூடி பன்னிரண்டும் பாக்சைட் (அலுமினியத் தாது) சுரங்கம் வேண்டாம்னுச்சு, திட்டம் நின்னு போச்சு. காட்டுல வாழுற மக்களோட உரிமையை ஏத்துக்கிற 2006 வன உரிமைச் சட்டம் இருந்ததாலதான் அந்த மலையில வாழுற டோங்ரியா கோந்த் பழங்குடி மக்களால அப்படிச் சொல்ல முடிஞ்சுது. ஆனா காட்டு நிலத்தை வேற வேலைக்குக் குடுக்கிறதைக் கட்டுப்படுத்துற வனப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022ல புது விதி வந்துச்சு, காட்டு நிலத்தைத் திட்டத்துக்குக் குடுக்க மத்திய அரசு முதல்ல இறுதி அனுமதி குடுத்துடலாம், வன உரிமை விஷயத்தை அப்புறம் மாநில அரசு பார்த்துக்கும். உரிமை எதுவும் குறையலன்னு சுற்றுச்சூழல் அமைச்சகம் சொல்லுது, ஆனா கம்பெனி பணமெல்லாம் கட்டி முடிச்சப்புறம் ஊரைக் கூட்டி "சம்மதமா?"ன்னு கேட்டா அது கேட்கிறதா? பழங்குடியினர் ஆணையமே எழுதி ஆட்சேபிச்சும் விதி மாறல. 2023ல அந்த வனப் பாதுகாப்புச் சட்டத்தையே திருத்தி, நாட்டு எல்லையில இருந்து 100 கிலோமீட்டருக்குள்ள பாதுகாப்பு சம்பந்தமான ரோடு மாதிரி திட்டங்களுக்கு விலக்கு குடுத்துட்டாங்க. மிசோரம் கிட்டத்தட்ட முழுசுமே அதுக்குள்ள வந்துடும், அங்க சட்டசபையே எதிர்த்து தீர்மானம் போட்டுச்சு.

உங்க ஊருக்கு நான் சொல்றது இதுதான், வன உரிமைச் சட்டம் இன்னும் உயிரோடதான் இருக்கு, அதனால எந்தத் திட்டமும் வர்றதுக்கு முன்னாடியே சமூக வன உரிமைக்கு, அதாவது ஊரே சேர்ந்து காட்டைப் பயன்படுத்தி பாதுகாக்கிற உரிமைக்கு, மனு போட்டு வையுங்க. கிராம சபையில பாதிப் பேராவது வந்திருக்கணும், வந்தவங்கள்ல மூணுல ஒரு பங்கு பெண்கள் இருக்கணும்னு விதி இருக்கு, அதனால அக்கம்பக்கத்துப் பெண்களையும் கூட்டிட்டுப் போங்க, தீர்மானத்தை எழுதி கையெழுத்து வாங்கி ஒரு காப்பியை உங்க கையில வச்சுக்குங்க.