இடது பக்கம் மட்டும் மக்கர் செய்யும் ஜாய்ஸ்டிக்

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஓர் ஆர்கேட் கேபினெட் (நின்றபடி ஆடும் வீடியோ கேம் பெட்டி) வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. ஜாய்ஸ்டிக்கை இடது பக்கம் நாலு தடவை தள்ளினால் ஒரு தடவைதான் ஆள் நகர்கிறான். மற்ற மூன்று திசையிலும் குறையில்லை. பழுது பார்க்க வந்தவர் முழு ஜாய்ஸ்டிக்கையும் மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: மூன்று திசை நன்றாக இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பிறகு எதற்கு முழுசாக மாற்றுவது? வெளியே முரடாகத் தெரிந்தாலும் ஆர்கேட் ஜாய்ஸ்டிக்கின் உள்ளே பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. நடுவில் ஒரு கம்பி, அதன் அடியில் ஒரு பிளாஸ்டிக் உருளை, சுற்றிலும் நாலு மைக்ரோ சுவிட்ச். கம்பி சாய்ந்தால் உருளை போய் ஒரு சுவிட்சை அழுத்தும். அவ்வளவுதான். உங்களுடையதில் பெரும்பாலும் போயிருப்பது ஒரு சுவிட்சு, இல்லையென்றால் அதற்குப் போகும் வயர்.

முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பழைய பிக்சர் டியூப் உள்ள கேபினெட் என்றால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் பல ஆயிரம் வோல்ட் தங்கியிருக்கும். நமக்கு வேண்டியது ஜாய்ஸ்டிக் இருக்கும் பலகையின் அடிப்பக்கம் மட்டும்தான். கை டியூப் பக்கம் போகவே வேண்டாம்.

பலகையைத் திறந்ததும் பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. கம்பியை இடது பக்கம் தள்ளினால் அதன் அடி வலது பக்கம் போகும். அதனால் இடது திசைக்கான சுவிட்சு வலது பக்கத்தில் இருக்கும். இது தெரியாமல் நல்ல சுவிட்சைக் கழற்றி மாற்றிவிட்டு, “புது சுவிட்சும் போச்சு” என்று தலையில் கை வைத்தவர்கள் உண்டு. நானும் ஒரு தடவை வைத்திருக்கிறேன். குழப்பமே வேண்டாம்: கம்பியை இடது பக்கம் மெதுவாகத் தள்ளி, எந்தச் சுவிட்சிலிருந்து ‘டிக்’ சத்தம் வருகிறது என்று பாருங்கள்.

சுவிட்சைக் கண்டுபிடித்துவிட்டால், அதில் செருகியிருக்கும் இரண்டு வயரையும் உருவி, திரும்ப இறுக்கமாகச் செருகுங்கள். பாதி வழக்கு இங்கேயே முடிந்துவிடும். முடியவில்லையா? ஒரு வயர் எல்லாச் சுவிட்சுக்கும் பொதுவானது, தொடராகப் போகும், அதை விட்டுவிடுங்கள். இடது, வலது சுவிட்சுகளின் மற்ற வயர்களை ஒன்றுக்கொன்று மாற்றிச் செருகி, பலகையை மூடி, ஆடிப் பாருங்கள். ஆள் தலைகீழாகத்தான் நகர்வான், பரவாயில்லை. இடது பக்கம் தள்ளும்போதே இன்னும் திக்கினால் குற்றவாளி சுவிட்சு. திக்கல் இப்போது வலது பக்கம் தள்ளும்போது வந்தால் சுவிட்சு நல்லது. வயரையோ கேம் போர்டில் அது சேரும் இடத்தையோ பாருங்கள். கேபினெட்டையும் கேம் போர்டையும் இணைக்க 1985-இல் வந்த பொது முறையான ஜாமா வயரிங் என்றால் முதல் ஆட்டக்காரரின் இடது திசை கனெக்டரின் 20-ஆம் முனையில் இருக்கும். அந்த முனைகளில் அழுக்கு ஏறியிருந்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த துணியால் துடைத்தால் போதும்.

சுவிட்சுதான் என்றால், கழற்றியதைக் கையில் வைத்துக்கொண்டே புதியதை வாங்குங்கள். வயர் செருகும் தகட்டின் அகலம் 4.8 மி.மீ-யா 6.3 மி.மீ-யா, மேலே நெம்புகோல் தகடு உண்டா, திருகு துளைகளின் இடைவெளி என்ன, இந்த மூன்றும் ஒத்துப்போக வேண்டும். சுவிட்சில் மூன்று முனை இருக்கும்: பொது, அழுத்தினால் இணைவது, அழுத்தினால் பிரிவது. நமக்கு முதல் இரண்டும்தான். மூன்றாவதில் வயரைக் கொடுத்தால் யாரும் தொடாமலே ஆள் இடது பக்கம் ஓடிக்கொண்டிருப்பான். சன்வா நிறுவனத்தின் ஜேஎல்எஃப் போன்ற ஜாய்ஸ்டிக்குகளில் நாலு சுவிட்சும் ஒரே சிறு போர்டில் பற்றவைத்திருக்கும், ஐந்து வயர் கொண்ட ஒற்றை கனெக்டர் வரும். சால்டரிங் பழக்கம் இல்லையென்றால் அந்தச் சிறு போர்டை மட்டும் மாற்றுங்கள். அப்போதும் கம்பி, ஸ்பிரிங், உருளை எல்லாம் பழையதே போதும்.

கேள்வி: என் ஜாய்ஸ்டிக் தொளதொளவென்று ஆடுகிறது, கையை எடுத்தால் நடுவுக்கு வருவதில்லை. எண்ணெய் விடலாமா?

பதில்: வேண்டாம். கண்ட எண்ணெயையும் பீய்ச்சினால் தூசியைச் சேர்த்துக்கொண்டு பசையாகிவிடும், சுவிட்சுக்குள்ளும் இறங்கும். நடுவுக்கு வராததற்குக் காரணம் பெரும்பாலும் தளர்ந்த ஸ்பிரிங் அல்லது தேய்ந்த உருளை. இரண்டும் தனியாகவே கிடைக்கும் சாமான்கள். கம்பியின் அடியில் ஆங்கில ‘ஈ’ எழுத்து வடிவில் ஒரு கிளிப் இருக்கும். அதை நெம்பினால்தான் எல்லாம் கழன்று வரும். நெம்பும்போது மேலே ஒரு துணியைப் போட்டு மூடிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கிளிப் பறந்துபோய் அலமாரிக்கு அடியில் குடியேறிவிடும். திரும்பப் பூட்டும்போது கம்பி அசையும் மூட்டில் மட்டும் பிளாஸ்டிக்கைப் பாதிக்காத சிலிகான் கிரீஸ் ஒரு பொட்டு வையுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் புது ஜாய்ஸ்டிக் வாங்கினேன். என் மரப் பலகையில் மாட்டினால் கம்பியின் உச்சியில் உள்ள உருண்டை பலகையை ஒட்டி நிற்கிறது. பேக்-மேனில் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவும் மாட்டேன் என்கிறது. மட்டமான சரக்கைத் தள்ளிவிட்டார்களோ?

பதில்: சரக்கின் மேல் பழி போட வேண்டாம், பொருத்தம்தான் சரியில்லை. ஜப்பானிய வகை ஜாய்ஸ்டிக்குகள் மெல்லிய உலோகப் பலகைக்காகச் செய்யப்பட்டவை, கம்பி குட்டை. தடித்த மரப் பலகைக்கு நீளக் கம்பி உள்ளதைக் கேட்க வேண்டும். சில மாடல்களுக்குக் கம்பியை நீட்டும் குழாயும் தனியாக விற்கிறார்கள்.

பேக்-மேன் விஷயம் வேறு. 1980-இல் வந்த அந்த ஆட்டமும், 1981-இல் வந்த டாங்கி காங்கும் நாலு திசை ஜாய்ஸ்டிக்குக்காக எழுதப்பட்டவை. எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கில் கை கொஞ்சம் மூலைவாட்டாகப் போனாலும் இரண்டு சுவிட்சு ஒரே நேரத்தில் அழுந்தும், ஆட்டம் குழம்பும். அடியில் இருக்கும் தடுப்புத் தகட்டைத் திருப்பி நாலு திசைக்கு மாற்றும் வசதி சில மாடல்களில் உண்டு. உங்களுடையதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

திருப்பி அனுப்புவதாக முடிவு செய்தால் அதுவரை வயரை வெட்டாதீர்கள், துளையைப் பெரிதாக்காதீர்கள், சால்டரிங் பக்கம் போகவே போகாதீர்கள். பெட்டியில் வந்த வாஷரும் தூசி மூடியும்கூட அப்படியே இருக்கட்டும். பலகையின் தடிமனை அளந்து எழுதி, மாற்றுப் பொருள் கேட்கும்போது அதையும் சேர்த்து அனுப்புங்கள்.